ஸ்பார்க்கி ஆண்டர்சன்: .218 அடித்த இரண்டாம் பேஸ்காரர் மேனேஜர் ஆன கதை

1959-இல் ஃபிலடெல்ஃபியா ஃபிலிஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணிக்கு இரண்டாம் பேஸில் நின்றவர் ஜார்ஜ் ஆண்டர்சன். 152 ஆட்டங்களில் 104 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸ் சேர்ந்தவை), சராசரி .218, அதாவது நூறு முயற்சிக்கு ஏறக்குறைய 22 ஹிட். ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. ஒரு பேஸுக்கு மேல் போன ஹிட்கள் மொத்தமே 12. அடுத்த ஆண்டு கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஆட்டக்காரராக அவர் உச்ச நிலையான மேஜர் லீக் பக்கமே வரவில்லை.

அதே ஆண்டர்சன், 'ஸ்பார்க்கி' என்ற பெயரோடு, 2000-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். மேனேஜராக அவர் கணக்கில் 2,194 வெற்றிகள், மூன்று உலகத் தொடர் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) பட்டங்கள். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன், நேஷனல் லீக்குகளின் அணிகளையும் உலகத் தொடரில் வெல்ல வைத்த முதல் மேனேஜர் அவர்தான்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பட்டம் வென்ற 1975 சின்சினாட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் 1984 டெட்ராய்ட்டை. நான் கவனிக்கச் சொல்வது 1964 முதல் 1968 வரையிலான ஐந்து ஆண்டுகளை. யாரும் பெரிதாகப் பார்க்காத ஊர்களில், பேருந்துப் பயணங்களில், இருபது வயதுப் பையன்களோடு கழிந்த ஆண்டுகள் அவை. அவர் மேனேஜர் ஆனது அங்கேதான்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் கேப்டன் முடிவெடுப்பதில்லை. யார் பிட்ச் செய்வது (பந்து வீசுவது), எப்போது பிட்சரை மாற்றுவது, பேட்டிங் வரிசை என்ன, யார் எங்கே நிற்பது என்று எல்லாமே மேனேஜர் பொறுப்பு. ஒரு ஆட்டத்தில் சிறிதும் பெரிதுமாக நூறு முடிவுகளாவது எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம், பேஸ் எனப்படும் மூலைகளை ஒட்டி நின்று பந்தைத் தடுக்கும் ஒரு இன்ஃபீல்டருக்கு ஆடும் காலத்திலேயே வந்துவிடுகிறது.

ஆண்டர்சன் 1953-இல் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அமைப்பில், அதாவது அந்த மேஜர் லீக் அணிக்கு ஆட்டக்காரர்களை வளர்க்கும் மைனர் லீக் அணிகளில், சேர்ந்தார். ஒப்பந்தம் செய்தவர் லெஃப்டி ஃபிலிப்ஸ் என்ற ஸ்கவுட், திறமையான ஆட்களைத் தேடிப் பிடிப்பவர். இந்தப் பெயர் பின்னால் மறுபடியும் வரும். சான்டா பார்பராவில் தொடங்கி ப்யூப்லோ, ஃபோர்ட் வொர்த், மான்ட்ரியல், லாஸ் ஏஞ்சலஸ், மறுபடி மான்ட்ரியல் என்று ஆறு ஆண்டுகள் மைனர் லீக்கிலேயே போயின. ஃபோர்ட் வொர்த்தில் ஆடும்போது ஒரு வானொலி வர்ணனையாளர் வைத்த பெயர்தான் ஸ்பார்க்கி. களத்தில் அவ்வளவு துடிப்பு, அவ்வளவு கோபமும்கூட.

இத்தனை ஆண்டுகள் கீழேயே கிடந்ததற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமில்லை. அன்று மேஜர் லீக்கில் மொத்தமே 16 அணிகள். அதாவது நாடு முழுவதற்கும் இரண்டாம் பேஸில் நிரந்தர வேலை 16 பேருக்குத்தான். டாட்ஜர்ஸில் அந்த இடத்தில் ஜிம் கில்லியம் இருந்தார், அவருக்குப் பின் சார்லி நீல் வந்தார். வேறு அணிக்குப் போய்விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ரிசர்வ் விதி என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் மீதான உரிமை அணியிடமே இருக்கும். அவர்களாக விற்றால்தான் விடுதலை. 1958 டிசம்பரில் ஃபிலிஸ் அணி மூன்று ஆட்டக்காரர்களைக் கொடுத்து ஆண்டர்சனை வாங்கியது. அதனால் கிடைத்ததுதான் அந்த ஒரே சீசன்.

பேட்டால் எதுவும் பெரிதாகச் செய்ய முடியாதவரை 152 ஆட்டங்கள் ஏன் ஆட வைத்தார்கள்? இரண்டாம் பேஸ்காரரின் வேலையை உற்றுப் பார்த்தால் புரியும்.

டபுள் பிளேயை, அதாவது ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்குவதை, எடுத்துக்கொள்வோம். ஓடுகிறவருக்கு முன்பே பந்து பேஸுக்கு வந்துவிட்டால் அவர் அவுட். முதல் பேஸில் ஒரு ரன்னர் இருக்கிறார். பேட்டர் அடித்த பந்து தரையோடு, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது. வலதுகைப் பேட்டர் ஒருவர் அடித்துவிட்டு 90 அடி ஓடி முதல் பேஸைத் தொட ஏறக்குறைய 4.3 விநாடி ஆகும், இடதுகைக்காரருக்கு 4.2. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து, இரண்டாம் பேஸ்காரருக்கு எறிந்து, அவர் பிடித்துத் திரும்பி முதல் பேஸுக்கு எறிந்து, அங்கே பிடிபடுவது வரை எல்லாம் அந்த நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

பந்து அடிபட்டதுமே இரண்டாம் பேஸ்காரர் பேஸை நோக்கி ஓடுவார். கடைசி இரண்டு மூன்று எட்டுகளைச் சின்னதாக்கி, மார்பு ஷார்ட்ஸ்டாப்பைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் நெஞ்சுயரத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பந்தைக் கையுறையின் வலைப் பகுதியில் வாங்கக் கூடாது, உள்ளங்கைப் பக்கம் வாங்க வேண்டும். வலையில் ஆழமாகச் சிக்கினால் எடுக்கும் நேரம் கூடிவிடும். இடது கால் பேஸில் படும்போது பந்து கையில் இருக்க வேண்டும். அடுத்து வலது காலை எங்கே வைப்பது என்பது ரன்னர் எவ்வளவு அருகில் வந்துவிட்டார், எறிந்த பந்து எந்தப் பக்கம் வந்தது என்பதைப் பொறுத்தது. சமயத்தில் பேஸைத் தாண்டி முன்னால் வைப்பார்கள், சமயத்தில் பேஸை உதைத்துப் பின்னால் வைப்பார்கள். அந்தக் காலில் பாரத்தைப் போட்டுத்தான் எறிவது.

இது கெட்டுப்போகும் விதங்கள் பழக்கமானவைதான். தாமதமாகப் பேஸுக்கு வந்தால் ஓட்டத்திலேயே பிடிக்க வேண்டிவரும். உடம்பு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், எறிதலில் வேகம் இருக்காது. இரண்டாவது அவுட்டில் கண் வைத்துப் பந்தை முழுதாகப் பிடிக்காமல் விட்டால் இரண்டு பேருமே தப்பித்துக்கொள்வார்கள். முதல் அவுட்டை உறுதி செய், மிச்சத்தைப் பிறகு பார் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வது இதனால்தான். இத்தனையும் நடக்கும்போது ரன்னர் காலைக் குறிவைத்துச் சறுக்கி வருவார். அந்தக் காலத்தில் மோதி வீழ்த்துவது ஆட்டத்தின் பகுதி. 2016-இல்தான், பேஸைத் தொடும் நோக்கோடு முறையாகச் சறுக்க வேண்டும், ஆளைத் தேடிப் போய் மோதக் கூடாது என்று விதி வந்தது. ஆண்டர்சன் ஆடியது அதற்கெல்லாம் வெகு முன்பு.

கைகால் வேலை இதுவென்றால், தலைக்கான வேலை ஒவ்வொரு பந்துக்கும் முன்பு நடக்கும். அந்நாளில் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) விரலால் காட்டிய சைகை ஷார்ட்ஸ்டாப்புக்கும் இரண்டாம் பேஸ்காரருக்கும் தெரியும். வேகப்பந்தா வளைபந்தா என்பதை வைத்து ஓர் அடி இடமோ வலமோ நகர்வார்கள். முதல் பேஸ் ரன்னர், பந்து அடிபடும் முன்பே இரண்டாம் பேஸைத் திருட ஓடினால் பேஸுக்கு யார் போவது என்பதையும் இருவரும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். கையுறையை முகத்துக்கு முன்னால் வைத்து, மற்றவர் மட்டும் பார்க்கும்படி வாயைக் காட்டுவார்கள். வாய் மூடியிருந்தால் 'நான் போகிறேன்', திறந்திருந்தால் 'நீ போ'. பந்துக்கு முந்தைய இந்தக் கவனிப்பு ஆட்டத்துக்கு நூறு, நூற்றைம்பது முறை நடக்கும். பிட்சர் எப்போது களைக்கிறார், எந்தப் பந்து இன்று அவருக்கு வரவில்லை என்பதை டக்அவுட்டில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு முன்பே கண்டுபிடிக்கிறவர்கள் இவர்கள். அடித்துப் பேர் வாங்க முடியாத இன்ஃபீல்டருக்கு, வேலையைத் தக்கவைத்துக்கொள்ள இந்தக் கவனம் ஒன்றுதான் முதலீடு. பின்னாளில் பெயர்பெற்ற மேனேஜர்களான ஜீன் மாக், எர்ல் வீவர், டோனி லா ரூசா எல்லோருமே இன்ஃபீல்டர்கள், யாருமே நட்சத்திரங்கள் இல்லை. லா ரூசா மேஜர் லீக்கில் 132 ஆட்டங்களில் .199 அடித்தார். வீவருக்கு அந்த ஓர் ஆட்டம்கூட வாய்க்கவில்லை.

ஆனால் கவனம் இருந்தால் மட்டும் மேனேஜர் ஆகிவிட முடியாது. ஆண்டர்சனின் 1964 அதற்குச் சான்று.

ஃபிலிஸ் கைவிட்ட பிறகு நான்கு ஆண்டுகள் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஆடினார். மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த டிரிபிள் ஏ அணி அது. உரிமையாளர் ஜாக் கென்ட் குக், இவர் இளம் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து, மேனேஜராகச் சொன்னார். 1964-இல், 30 வயதில், பொறுப்பேற்றார். ஒரே சீசனில் வேலை போனது.

டிரிபிள் ஏ வேலையின் சிக்கலைப் புரிந்துகொண்டால் இதில் வியப்பில்லை. அங்கே பாதிப் பேர் மேஜர் லீக் பார்த்துத் திரும்பியவர்கள், முப்பதைத் தாண்டியவர்கள், நேற்றுவரை இவரோடு பக்கத்து லாக்கரில் உடை மாற்றியவர்கள். அவர்களுக்கு அடிப்படை சொல்லித்தரத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது மரியாதையும் நியாயமும். ஆண்டர்சனிடம் அன்று இருந்தது ஆட்டக்காரரின் கோபம். அம்பயரிடம் சண்டை, தோல்விக்குப் பிறகு கத்தல். ஆட்டக்காரர் கோபப்பட்டால் அவருடைய ஆட்டம்தான் கெடும். மேனேஜர் கோபத்தில் வெளியேற்றப்பட்டால், ஏழாவது இன்னிங்ஸில் பிட்சரை மாற்ற அவர் இருக்க மாட்டார்.

1965-இல் சென்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அமைப்பில், அடிமட்டத்தில் ஒரு வேலை கிடைத்தது. தென் கரோலினாவின் ராக் ஹில், கிளாஸ் ஏ. இரண்டு படி இறக்கம். குளிர்காலங்களில் பழைய கார் விற்கும் வேலையும் பார்த்துக் குடும்பத்தை ஓட்டிய காலம் அது. ராக் ஹில் அணி அந்த சீசனின் இரண்டாம் பாதியை வென்றது.

அன்றைய கிளாஸ் ஏ மேனேஜர் என்றால் ஒற்றை ஆள் நிர்வாகம். இன்று ஒரு மைனர் லீக் அணியில் பிட்சிங் பயிற்சியாளர், பேட்டிங் பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர், காணொளி பார்க்க ஓர் ஆள் என்று ஒரு குழுவே இருக்கிறது. அன்று அதெல்லாம் கிடையாது. தலைமையிடத்திலிருந்து யாராவது ஓரிரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். பேட்டிங் பயிற்சிக்குப் பந்து எறிவதும், ஃபங்கோ என்ற பயிற்சி மட்டையால் இன்ஃபீல்டருக்குத் தரைப்பந்து அடிப்பதும், ஆட்டம் தொடங்கியதும் மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் பெட்டியில் நிற்பதும் மேனேஜரேதான். கடைசியாகச் சொன்னது இன்றும் பல மைனர் லீக் அணிகளில் தொடர்கிறது.

அந்தப் பெட்டியில் நிற்கிறவர் சைகை கொடுக்க வேண்டும். தொப்பி, மார்பு, முழங்கை, பெல்ட் என்று கை எங்கெங்கோ போகும். அதில் ஒரே ஓர் இடம்தான் சாவி. சாவியைத் தொட்ட பிறகு வரும் முதல் தொடுகை மட்டுமே கணக்கு, மற்றதெல்லாம் எதிரணியின் கண்ணைக் குழப்ப. பத்தொன்பது வயதுப் பையன் பதற்றத்தில் சாவியைத் தவறவிடுவான், பன்ட் செய்ய (பந்தை மெல்லத் தட்டிவிட) வேண்டியவன் வீசி அடிப்பான். சைகைகளைக் குறைப்பதுதான் அதற்கு மருந்து, திட்டுவது அல்ல.

ரன்னரை ரன் எடுக்க ஹோம் பேஸுக்கு அனுப்புவதா மூன்றாம் பேஸில் நிறுத்துவதா என்பதும் அங்கே நிற்பவர் முடிவு. இரண்டு பேர் அவுட் என்றால் துணிந்து அனுப்ப வேண்டும். அடுத்த பேட்டர் ஹிட் அடிக்கும் வாய்ப்பே நான்கில் ஒன்று அளவில்தான் இருக்கும் என்பதால், ரன்னர் தப்பிக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பிருந்தாலே அனுப்புவது லாபம். யாருமே அவுட் ஆகவில்லை என்றால் கதை வேறு. ஏறக்குறைய நிச்சயம் என்றால் ஒழிய அனுப்பக் கூடாது. மூன்றாம் பேஸில் நிற்பவரை உள்ளே கொண்டுவர ஒரு ஹிட்கூடத் தேவையில்லை, ஆழமான ஒரு கேட்ச் போதும், பந்து பிடிபட்டதும் அவர் ஓடி வந்துவிடலாம்.

ஆட்டம் முடிந்ததும் அறிக்கை எழுத வேண்டும். யார் எப்படி ஆடினார், யாருக்கு என்ன கோளாறு, யாரை மேலே அனுப்பலாம் என்று ஒவ்வொருவரைப் பற்றியும். இதில் மைனர் லீக் மேனேஜரின் தனி வேதனை ஒன்று உண்டு. நன்றாக ஆடுகிறவனை மேலே எடுத்துக்கொள்வார்கள். ஜூலையில் முதலிடத்தில் இருக்கும் அணி, நல்ல பிட்சர் இருவர் போனதும் ஆகஸ்டில் சரியும். வென்றால் நல்லதுதான், ஆனால் சம்பளம் ஆளை வளர்ப்பதற்கே. இன்னொரு பக்கம், தேறாதவனைக் கூப்பிட்டு, இதோடு முடிந்தது, ஊருக்குப் போ என்று சொல்வதும் இவர் வேலை. சொல்லும் விதத்தை வைத்துத்தான் மிச்சமிருக்கும் இருபது பேர் மேனேஜரை எடைபோடுவார்கள்.

1966-இல் ஃப்ளோரிடாவின் சென்ட் பீட்டர்ஸ்பர்க். அந்த ஆண்டு ஜூன் 14 அன்று மியாமிக்கு எதிரான ஆட்டம் 29 இன்னிங்ஸ் போனது. வழக்கமான ஆட்டம் 9 இன்னிங்ஸ் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இடையில் நிறுத்தி வைக்காமல் ஒரே மூச்சில் ஆடப்பட்ட தொழில்முறை ஆட்டங்களில் மிக நீளமானது அது, ஏழு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. மியாமி 4–3 என வென்றது. இப்படி ஓர் இரவில் தோல்வியைவிடப் பெரிய பிரச்சினை அடுத்த நாள். பிட்சர்களின் கைகள் தீர்ந்திருக்கும், கேட்சரின் முழங்கால் வீங்கியிருக்கும், ஆனால் அட்டவணை காத்திருக்காது. இளம் பிட்சரை அந்த நிலையில் இன்னொரு இன்னிங்ஸ் போட வைத்தால் தோள் போய்விடும். அவன் அமைப்பின் சொத்து, ஓர் இரவு வெற்றிக்காகச் செலவழிக்கக் கூடாது. இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் 2018 முதல் மைனர் லீக்குகளில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஒரு ரன்னரை நிறுத்தியே ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள்.

1967-இல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ. 1968-இல் சின்சினாட்டி ரெட்ஸ் அமைப்பின் டபுள் ஏ அணியான ஆஷ்வில். அங்கே சதர்ன் லீக் பட்டம். ரெட்ஸ் பக்கம் அவர் போனது தற்செயல் இல்லை. கார்டினல்ஸின் பொது மேலாளராக (ஆட்டக்காரர்களையும் மேனேஜரையும் தேர்ந்தெடுக்கும் நிர்வாகி) இருந்த பாப் ஹவ்சம் 1967-இல் ரெட்ஸுக்கு மாறியிருந்தார். ராக் ஹில்லிலும் சென்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் ஆண்டர்சன் வேலை செய்தது ஹவ்சமின் அமைப்பில்தான். மைனர் லீக் மேனேஜரின் தகுதி பத்திரிகையில் வராது, இரவு எழுதிய அறிக்கைகளை மேலே படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

1969-இல் புதிதாகத் தொடங்கிய சான் டியேகோ பாட்ரேஸில் மூன்றாம் பேஸ் பயிற்சியாளர். அணி 110 ஆட்டங்களில் தோற்றது. சீசன் முடிந்ததும், 1953-இல் இவரை ஒப்பந்தம் செய்த அதே லெஃப்டி ஃபிலிப்ஸ், அப்போது கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸின் மேனேஜர், தன்னிடம் பயிற்சியாளராக வரச் சொன்னார். அதில் சேர்வதற்குள் ஹவ்சம் அழைத்துவிட்டார். 35 வயதில் சின்சினாட்டியின் மேனேஜர். 'ஸ்பார்க்கியா, யார் அது?' என்று உள்ளூர்ப் பத்திரிகை கேட்டது.

1970-இல் 102 வெற்றிகளோடு உலகத் தொடருக்குப் போனார்கள். எதிரே பால்டிமோர், அதன் மேனேஜர் எர்ல் வீவர். மைனர் லீக்கில் இரண்டாம் பேஸில் நின்று, சின்ன ஊர் அணிகளை நடத்தி மேலே வந்த இருவர் எதிரெதிரே. வீவர் 4–1 என வென்றார்.

ராக் ஹில் காலத்துப் பழக்கங்களை ரெட்ஸ் அணியில் வெளிப்படையாகவே பார்க்கலாம். பிட்சர் தடுமாறும் முன்பே மாற்றிவிடுவார். கொக்கி போட்டு வெளியே இழுப்பவர் என்ற பொருளில் 'கேப்டன் ஹூக்' என்று பட்டப்பெயரே வந்தது. 1975-இல் தொடர்ந்து 45 ஆட்டங்கள் எந்தப் பிட்சரும் முழு ஆட்டம் போடவில்லை. அன்று அது பிட்சருக்கு அவமானம் போலப் பார்க்கப்பட்டது, இன்று எல்லா அணிகளும் அப்படித்தான் ஆடுகின்றன. அதே ஆண்டு மே மாதம், இடது ஃபீல்டில் ஆடிய பீட் ரோஸை மூன்றாம் பேஸுக்குக் கொண்டுவந்தார். காலியான இடத்தில் ஜார்ஜ் ஃபாஸ்டர் தினமும் ஆட முடிந்தது. ஒரு நட்சத்திரத்திடம் இடத்தை விட்டுக்கொடு என்று கேட்டு, அவர் மனம் கோணாமல் சம்மதிக்க வைப்பது 1964-இன் ஆண்டர்சனால் முடிந்திருக்காது. அணி 108 ஆட்டங்களை வென்று பட்டத்தையும் எடுத்தது.

1979-இல் டெட்ராய்ட் போனபோது அங்கே ஆலன் டிராமெல், லூ விட்டேகர் என்று இரண்டு இளம் இன்ஃபீல்டர்கள் இருந்தார்கள். ஷார்ட்ஸ்டாப்பும் இரண்டாம் பேஸுமாக இருவரும் சேர்ந்து 1,918 ஆட்டங்கள் ஆடினார்கள், அமெரிக்கன் லீக் சாதனை அது. 1984-இல் 35 வெற்றி, 5 தோல்வி என்று தொடங்கிப் பட்டம் வரை போனது அந்த அணி. டிராமெல் பின்னாளில் அதே டெட்ராய்ட்டுக்கு மேனேஜர் ஆனார். மைனர் லீக்கில் ஓர் அணியையும் நடத்தியதில்லை, பயிற்சியாளராக இருந்துவிட்டு நேராக வந்தவர். 2003-இல் 119 தோல்விகள். அணி பலவீனமானது, பழியை அவர் மேல் மட்டும் போடுவது அநியாயம். ஆனாலும் தவறு செய்து கற்றுக்கொள்ள யாரும் பார்க்காத ஓர் ஊர் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

மைனர் லீக் ஆண்டுகள் இருந்தால் கதவு திறந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. இன்று டிரிபிள் ஏ முதல் சிங்கிள் ஏ வரை நான்கு படிகளில் 120 அணிகள், 120 மேனேஜர்கள். மேலே இருப்பது 30 இடம். அந்த இடங்கள் காலியானாலும் இப்போது புள்ளிவிவரத் துறையிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள்.

ஸ்டான் வாசியாக்கும் மேஜர் லீக்கில் ஆடாத இன்ஃபீல்டர்தான். 1950-இல் மைனர் லீக் மேனேஜராகத் தொடங்கி 1986 வரை, ஓர் ஆண்டுகூட இடைவெளி விடாமல் 37 சீசன்கள் அணிகளை நடத்தினார். 2,530 வெற்றிகள், ஆண்டர்சனின் மேஜர் லீக் கணக்கைவிட அதிகம். கடைசி ஆண்டுகளை டாட்ஜர்ஸின் வீரோ பீச் கிளாஸ் ஏ அணியில் கழித்தார். மேஜர் லீக்கில் மேனேஜராக ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஆண்டர்சனின் 2,194-ஐ எடுத்துச் சொல்லும் ஒவ்வொரு பட்டியலிலும் வாசியாக்கின் 2,530-க்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.